தூங்கும் பிள்ளைகளை எழுப்பினேன்

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடை. முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோளில் யாரோ தட்டினார்கள்.

"அக்கா, நீங்க அந்தப் பத்தி எழுதுறவங்கதானே?"

இளம்பெண். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கையில் இருந்தது அவளைப் பிஸ்கட் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. பத்தி எழுதுகிறவளைக் காய்கறிக்கு நடுவில் அடையாளம் கண்டுகொள்வது தினமும் நடக்கிற காரியமா என்ன? கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

"உங்க டைம்டேபிள் எங்க வீட்டு ஃப்ரிஜ்ல ஒட்டியிருக்கேன் அக்கா. கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டு. ரெண்டு மணிக்கு டாண்ணு படுக்க வச்சிருவேன். சூப்பர் லா."

"கிழிச்சிடுங்க," என்றேன்.

"என்னாக்கா?"

"கிழிச்சிடுங்க. லேமினேட் போட்டா கையில கிழியாது. கத்தரிக்கோல் வச்சு வெட்டிருங்க."

அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். ஓர் அடி பின்னால் போனாள். "சரிக்கா… பாத்து போங்க" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் இருந்த பக்கமாகவே நழுவிவிட்டாள். வீட்டுக்குப் போய், அந்த எழுத்தாளருக்கு லேசாகக் கழன்றுவிட்டது என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

ஆனால் அந்தத் தங்கைக்கும், போன வருடக் கடைசியில் இதே பக்கத்தைப் படித்துவிட்டு "எங்களுக்கும் அந்த அட்டவணையை அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிய உங்கள் எல்லோருக்கும், ஒரு விளக்கம் பாக்கி இருக்கிறது. மன்னிப்பு இல்லை, விளக்கம்தான். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் வேறு ஒருவர். அவரிடம் கேட்டாகிவிட்டது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சுமதி. கிள்ளானில், மேரு சாலையை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. மகன் தர்வினுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. மகள் யஷ்வினிக்கு மூன்று. இரண்டு பேரும் இன்னும் தாடிகா பாலர்பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டுதான். அதுவரை நானே டீச்சர், நானே சமையல்காரி, நானே நடுவர்.

கணவர் குணா கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார்.

பிள்ளைகளோடு வீட்டில் இருந்து எழுதுவது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், ஒரு கையால் தோசை திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் பரீட்சை எழுதிப் பாருங்கள். நான் ஒரு வாக்கியம் தொடங்குவேன். "அம்மா, பாப்பா என் பச்சைக் கலர் பென்சில திங்குறா." வாக்கியம் போயிற்று. திரும்பி வந்து உட்காருவேன். "அம்மா, சூச்சூ." அதுவும் போயிற்று. காலை எட்டு மணிக்குத் தொடங்கிய பத்தியை மாலை ஆறுக்கு முடித்த நாட்கள் உண்டு. பத்திரிகை ஆசிரியர் போன் செய்யும்போது பாத்ரூமுக்குள் ஒளிந்துகொண்டு பேசிய நாட்களும் உண்டு.

இந்த நேரத்தில்தான் என் அக்கா வந்தாள்.

அக்கா செராஸில் தாடிகா டீச்சர். இருபது பிள்ளைகளை ஒரே பார்வையில் வரிசையில் நிறுத்துகிறவள். ஒரு நாள் முழுக்க என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கூடத்தில் லெகோ, சோபாவில் சோறு, டிவியில் ஏதோ ஒரு பன்றிக்குட்டி. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"சுமா, உன் பிள்ளைங்க கெட்ட பிள்ளைங்க இல்ல. உன் வீட்டுலதான் நேரம்னு ஒன்னு இல்ல."

சுருக்கென்றது. அன்று மாலையே உட்கார்ந்துவிட்டேன். அக்கா போனில் சொல்லச் சொல்ல, நான் வரைந்தேன். ஏழு மணி எழுவது, ஏழரை பால், எட்டு குளியல், ஒன்பது வண்ணம் தீட்டுதல், பத்து பழம், பத்தரை வெளி விளையாட்டு… ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பன்னிரண்டரைக்குச் சோறு. ஒன்றரைக்குக் கதை. இரண்டு மணிக்குத் தூக்கம். இரண்டிலிருந்து நான்குவரை ஊதா நிறத்தில் ஒரு பெரிய கட்டம், நடுவில் கண்மூடிய நிலா. கடையில் கொடுத்து லேமினேட் போட்டு ஃப்ரிஜ்ஜில் ஒட்டினேன்.

அந்த ஊதாக் கட்டம்தான் எனக்கு எல்லாம். அந்த இரண்டு மணி நேரம் என்னுடையது.

முதல் வாரம் போர்க்களம். இரண்டாவது வாரம் பேச்சுவார்த்தை. மூன்றாவது வாரம் பாருங்கள், இரண்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தர்வின் தானே போய்த் தலையணையை எடுத்துப் போட்டான். நான் கதவோரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

அறையில் ஒரு சின்னக் கேமரா வாங்கி மாட்டினேன். எழுதிக்கொண்டே போனில் பார்த்துக்கொள்ளலாம். குணாவின் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன், சும்மா இருக்கட்டுமே என்று.

பிறகு என்ன? இந்தப் பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். 'நேரத்தைக் கட்டிப் போட்ட கதை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. நீங்களும் கேட்டீர்கள், நானும் அனுப்பினேன். கிள்ளான், காஜாங், ஈப்போ என்று எத்தனையோ ஃப்ரிஜ்களில் என் ஊதாக் கட்டம் ஒட்டிக்கொண்டது. தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த அட்டவணையில் ஓர் ஆள் விடுபட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை. அக்காவும் கவனிக்கவில்லை. படித்த நீங்களும் கவனிக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

குணா அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். அட்டவணைப்படி பிள்ளைகள் ஏழரைக்கே படுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. ஆனால் வாரநாட்களில் அவருக்கு நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும். துறைமுகத்திலிருந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு மேருவில் இருக்கிற தொழிற்சாலைக்கு வருவார். அங்கே சரக்கு இறக்க நேரமாகும். அதனால் பெட்டியையும் பின்பக்கத்தையும் அங்கேயே கழற்றி விட்டுவிட்டு, லோரியின் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கம்பெனி கொடுக்கிற ஓய்வு நேரம் அது. வந்து போகிற நேரம் கழித்தால் நாற்பது நிமிடம் மிஞ்சும்.

எப்போது வருவார்? அதுதான் சொல்ல முடியாது. துறைமுகத்தில் எவ்வளவு பெரிய வரிசை என்பதைப் பொறுத்தது. ஒன்றே முக்காலுக்கும் வருவார், மூன்றுக்கும் வருவார்.

அட்டவணைக்கு முந்தைய காலத்தில் எங்கள் லோரோங் சந்து முனையில் திரும்பும்போதே இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். எங்கே இருந்தாலும், எந்தக் கோலத்தில் இருந்தாலும், பிள்ளைகள் இரண்டும் கேட்டுக்கு ஓடும். ஒரு தடவை யஷ்வினி பாதிக் குளியலில் சோப்பு நுரையோடு ஓடினாள். குணா இறங்குவதற்குள் தர்வின் கேட்பான்.

"அப்பா, இன்னிக்குப் பெட்டியில என்னா?"

"இன்னிக்கா? பெட்டி ஃபுல்லா யானை."

"பொய்."

"பொய் இல்ல லா. சின்ன யானை. அடுக்கி வச்சிருக்காங்க."

உண்மையில் டயரோ, டின் மீனோ இருக்கும். ஆனால் நாற்பது நிமிடமும் அந்த யானையைப் பற்றியே பேச்சு நடக்கும். யானை எந்த நாட்டிலிருந்து வந்தது, கப்பலில் என்ன சாப்பிட்டது, சுங்க அதிகாரி அதைப் பார்த்து என்ன சொன்னார்… ஒரு கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டு, மறு கையில் மகளை வைத்துக்கொண்டு, குணா அவிழ்த்துவிடுவார்.

அட்டவணை வந்த பிறகு நான் அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "தூங்குறாங்க. ஹாரன் வேணாம்."

"ஓகே," என்று பதில் வந்தது.

ஹாரன் நின்றது. நான்கைந்து நாள் கழித்து, அந்த எஞ்சின் உறுமலில் யஷ்வினி புரண்டு படுத்தாள். "லோரிய கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன்" என்றேன். மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பிறகு ஒரு நாள் கேட்டைத் திறந்தபோது அது கிறீச்சிட்டு, மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரு பத்தி பாதியில் நின்றது. நான் கத்தவில்லை. ஆனால் முகத்தில் காட்டியிருப்பேன், இல்லாமல் எப்படி?

அன்று இரவு வந்ததும் அவர் சொன்னார், "சாப்பாட்டக் கேரியர்ல போட்டு கேட்ல மாட்டிடு. நான் வந்து எடுத்துக்குறேன். உனக்கும் தொந்தரவு இல்ல."

நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது எனக்கு. கேரியரை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய் நண்பர்களோடு சாப்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. எழுத வேண்டியது நிறைய இருந்தது.

இப்படி எத்தனை வாரம்? எண்ணிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் மேரி அக்கா இருக்கிறார். ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட் சர்ச், தாமானில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் தெரிகிற ஆள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலியோரமாக வந்து நின்றார். ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்திருந்தார். கேக்கோடு வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சுமதி, நான் கேட்டா தப்பா நெனைக்காத."

"கேளுங்கக்கா."

"உனக்கும் அவருக்கும் என்னா பிரச்சனை?"

"யாருக்கு?"

"மறைக்காத மா. தாமானுக்கே தெரியும். மனுசன் தினமும் ரோட்டோரமா லோரியில உக்காந்து சோறு திங்குறாரு. அந்த வெயில்ல. வீட்டுக்குள்ள வுடமாட்டேங்குறியாம். என்னா தப்பு பண்ணாரு?"

கையில் இருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றேன். அது ஏற்கெனவே பிழிந்த சட்டை.

"போன வாரம் சர்ச்ல ஜெபம்கூட பண்ணிட்டோம் உங்களுக்காக," என்றார் மேரி அக்கா. "பேர் சொல்லல. 'எங்க தாமான்ல ஒரு குடும்பம்'னுதான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "அப்படியெல்லாம் ஒன்னும் இல்லக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. கேக்கைக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அன்று மதியம் கேரியரைக் கேட்டில் மாட்டினேன். பிள்ளைகளைப் படுக்கவைத்தேன். மேரி அக்காவைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பிள்ளைங்களப் பாத்துக்கிறீங்களா?" என்றேன். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு மணி பத்துக்கு குணா வந்தார். கேட்டைத் தொடாமல், சத்தம் வராமல், கேரியரை மட்டும் கழற்றினார். ஒரு நிமிடம் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

மெயின் ரோட்டில் ஒரு அங்சானா மரம். அதன் கீழே லோரித் தலை. நிற்கும்போது எஞ்சின் ஓடினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், டீசல் வீண் என்று கேட்பார்கள். எஞ்சின் இல்லாவிட்டால் ஏர்கோன் இல்லை. கிள்ளானில் இரண்டு மணி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கக் கதவும் திறந்து கிடந்தன. சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்திருந்தார். மடியில் கேரியர் தட்டு. ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்த போன்.

படியில் கால் வைத்து ஏறினேன். திடுக்கிட்டார்.

"என்னாச்சு? பிள்ளைங்க?" என்றவர், என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண் போனுக்குப் போயிற்று. "இல்லியே… தூங்குறாங்களே."

போனில் எங்கள் வீட்டு அறை. பாயில் என் பிள்ளைகள். கேமராவைப் பார்த்துக்கொண்டேதான் மனுஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு.

"பாப்பா இப்பல்லாம் குப்புறத்தான் படுக்குறா. கவனிச்சியா நீ?" என்றார்.

நான் கவனிக்கவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து, குழந்தை வளர்ப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா இங்க உக்காந்து சாப்டுறீங்க?"

"கேட் சத்தம் போடுது லா. பாப்பா எழுந்துட்டா, நீ டென்ஷன் ஆயிடுற."

"கேட்டுக்கு எண்ணெய் போட வேண்டியதுதானே?"

"போட்டேன். அப்பறம் பக்கத்து வீட்டு நாய் கொரச்சிச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உனக்குன்னு இருக்கிறது அந்த ரெண்டு மணி நேரந்தான். நீ எழுதணும்ல."

கோபம் வந்தது பாருங்கள். அவர்மீது, என்மீது, அக்காமீது, லேமினேட் போட்டுக் கொடுத்த கடைக்காரர்மீதுகூட. நல்லவராக இருக்கிறேன் என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டால், பக்கத்தில் இருக்கிறவள் கெட்டவளாகிவிடுகிறாள். இது எந்த ஊர் நியாயம்? ஆனால் அதைப் பேச நேரமில்லை.

"இன்னும் எத்தன நிமிஷம் இருக்கு?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தஞ்சு."

இறங்கி ஓடினேன். நைட்டியோடு, ஒரு செருப்போடு. இன்னொரு செருப்பு வழியில் எங்கோ கழன்றுவிட்டது. லோரோங்கில் இரண்டு வீட்டுச் சன்னல்கள் திறந்தன. புருஷனோடு லோரியில் சண்டை போட்டுவிட்டு ஓடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தாராளமாக நினைக்கட்டும்.

அறைக்குள் போய் விளக்கைப் போட்டேன். மேரி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தூங்குற பிள்ளைய எழுப்பாத சுமதி. பாவம்."

எழுப்பினேன். உலுக்கித்தான் எழுப்பினேன். தர்வின் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நாலு மணியாம்மா?"

"இல்ல. அப்பா வந்திருக்காரு. எந்திரி."

அவனுக்குப் புரியவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்றான்.

அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. ஆயிரம் நிபுணர்கள் வரிசையில் வந்து நின்றாலும் இனி நான் அசையமாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை, அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று படித்து வைத்திருக்கிறான். நான்தான் படிப்பித்தேன், படம் வரைந்து, நிறம் தீட்டி.

யஷ்வினியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். தர்வின் வெறுங்காலோடு முன்னால் ஓடினான். மேரி அக்கா அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அங்கே போனதும் எல்லாம் இனிப்பாக நடந்தது என்று எழுதினால் அது பொய். தூக்கம் கலைந்த யஷ்வினி முதல் பத்து நிமிடம் அப்பாவிடம் போக மாட்டேன் என்று காது கிழியக் கத்தினாள். அவர் பனியனில் மூக்கைத் துடைத்தாள். குணா என்னைப் பார்த்து, "ஏன் மா எழுப்புன, பாவம் லா" என்றார். ஆனால் அவளை இறக்கிவிடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

தர்வின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அப்பா, இன்னிக்குப் பெட்டியில என்னா?"

குணா மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"தலகாணி. பெட்டி ஃபுல்லா தலகாணி."

"எதுக்குப்பா?"

"தூக்கத்துலேர்ந்து எழுப்புன பிள்ளைங்களுக்குக் குடுக்க."

மேரி அக்கா மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் ஜெபம் பலித்துவிட்டது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். நான் மறுக்கவில்லை.

அன்றே அட்டவணையை ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்தேன். மறுநாள் குணாவிடம் சொன்னேன்: "லோரிய வாசலுக்கு கொண்டாங்க. ஹாரன் அடிங்க. அடிக்கலன்னா சோறு கெடையாது." இரண்டு நாள் தயங்கினார், அந்த நல்ல மனுஷன். மூன்றாவது நாள் அடித்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அது பாட்டுக்குக் குரைக்கட்டும்.

இப்போது ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், மதியத் தூக்கம் கெட்டால் மூளை வளராது என்று ஒரு வீடியோ அனுப்பினார். இன்னொருவர், ஒழுங்கில்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்னால் கஷ்டப்படுவார்கள் என்றார், அழுகிற பொம்மையோடு. தூக்கத்தை முன்னால் தள்ளி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பதும் காதில் விழுகிறது. வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குப் படுக்கவைத்தால், அன்றைக்குப் பார்த்து ஒன்றே முக்காலுக்கே லோரி வந்து நிற்கும். எழுப்ப வேண்டியிருக்கும். ஒரு மணிக்குப் படுக்கவைத்தாலும் அதே கதை. துறைமுக வரிசைக்கு நான் எங்கே போய் நிறம் தீட்டுவது?

நான் ஒன்று கேட்கிறேன். இந்த அட்டவணைகளை எல்லாம் யாரை மனதில் வைத்து எழுதுகிறார்கள்? ஒன்பது மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற அப்பா. சனி ஞாயிறு வீட்டில் இருக்கிற அம்மா. இந்தக் கிள்ளானில் அப்படி எத்தனை வீடு? ஷிப்ட் முடித்து விடியற்காலை வருகிற நர்ஸ் அம்மா இருக்கிறார். மாமாக் உணவுக் கடையில் ரொட்டி போட்டுவிட்டு நண்பகலில் வந்து விழுகிற அப்பா இருக்கிறார். தொழிற்சாலையில் பகல் ஒரு வாரம், ராத்திரி ஒரு வாரம் என்று மாறி மாறி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா? அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா முகம், அம்மா முகம் வேண்டாமா? 'எட்டு மணிக்கு விளக்கணை' என்று யாரோ எழுதி வைத்ததற்காக, எட்டேகாலுக்கு வருகிறவர் தூங்குகிற முதுகைப் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டுமா?

விலை இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்பா போன பிறகு படுக்கவைத்தாலும் பாதி நாள் தூங்குவதில்லை, ஐந்து மணிக்கு யஷ்வினி ராட்சசி ஆகிவிடுகிறாள். சில நாள் சோற்றுத் தட்டிலேயே தூங்கிவிடுகிறாள், கன்னத்தில் பருப்போடு. என் இரண்டு மணி நேரம் போய்விட்டது. இந்தப் பத்தியை நான்கு தவணையாக எழுதினேன். ஒரு தவணை, பிள்ளைகள் போர்ச்சில் தண்ணீர் விளையாடும்போது, ஈரக் காலோடு. எங்காவது ஒரு வாக்கியம் தொங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் திருத்தப்போவதில்லை. எனக்கு நேரம் வேண்டும்தான். அது குணாவின் நாற்பது நிமிடத்திலிருந்து வரவேண்டாம். வேறு எங்கிருந்தாவது பிடுங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை மூன்று மணி நேரம் பிள்ளைகளோடு விட்டுவிட்டு நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். திட்டாதீர்கள், அது அவரே கொடுத்த யோசனை.

முந்தாநாள் அக்கா போன் செய்தாள். எனக்காகப் புது அட்டவணை ஒன்று போட்டிருக்கிறாளாம். இன்னும் நல்லதாம். நல்ல மனசு அவளுக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பிக்கொண்டு வந்தாள். குளியல் சரி, பால் சரி, பழம் சரி. மதியத்துக்கு வந்தாள்.

"பிள்ளைங்க பகல்ல எத்தன மணிக்குப் படுக்குறாங்க?"

"அவங்க அப்பா வந்துட்டுப் போனப்பறம்."

"அவரு எத்தன மணிக்கு வருவாரு? ரெண்டுன்னு போடவா? மூணுன்னு போடவா? ஏதாவது ஒரு நேரம் சொல்லு சுமா, கட்டம் காலியா இருக்கு."

"அவரு வந்தா அதான் லா ரெண்டு மணி."